எந்த வாய்க்கும் பொருந்தும் சிரிப்பு

சிரிப்பக்கா என்று பெயர் இருக்கிறதே என்று யாராவது சிரித்த முகத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துதான் திரும்புவார்கள். நேரில் அவள் பல் டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவள் மாதிரி இருப்பாள். வாயை அநாவசியமாகத் திறக்கமாட்டாள். வாய்தான் அவளுக்குச் சோறு போடுகிறது, அதை வீட்டுப் பேச்சிலும் வம்பிலும் வீணாக்குவானேன் என்பது அவள் கட்சி.

தொழில், டப்பிங். ஹிந்திப் படங்களில் வருகிற பெண்களுக்குத் தமிழில் பேசுவது. ஹிந்தி அவளுக்குத் தெரியாது, எழுதிக் கொடுத்த தமிழை உதட்டுக்குப் பொருத்துவாள். முப்பத்தெட்டு வருஷமாக அதே கட்டடம், அதே இரண்டாவது மாடி, அதே கனத்த கதவு. அந்தக் கதவைச் சாத்தினால் வெளி உலகம் செத்துப்போகும். சுவர் முழுக்கப் பஞ்சு, தரையில் கம்பளம், நடுவில் ஒரு மைக், எதிரே திரை, பக்கவாட்டில் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் இன்ஜினியர். புதிதாக வருகிறவர்கள் அங்கே ஐந்து நிமிஷம் தனியாக நின்றால், தன் ரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்கிறது என்று பயந்து வெளியே வந்துவிடுவார்கள். சிரிப்பக்காவுக்கு அது இரண்டாவது சமையலறை. எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று விளக்கில்லாமல் சொல்வாள்.

எத்தனை பெண்களுக்குப் பேசியிருக்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. புருஷன் வீட்டைவிட்டுத் துரத்தினாலும் அழுதிருக்கிறாள், திரும்பச் சேர்த்துக்கொண்டாலும் அழுதிருக்கிறாள், இரண்டுக்கும் ஒரே அழுகை. ஹிந்திப் படத்தில் நல்ல பெண்ணுக்கும் கெட்ட பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தொண்டையிலேயே தெரியும். நல்லவள் மூக்கால் பேசவேண்டும், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடவேண்டும், மீதியை ஆண்பிள்ளை வந்து முடிப்பான். கெட்டவள் அடிவயிற்றிலிருந்து பேசலாம், வாக்கியத்தை முழுசாக முடிக்கலாம், ஆனால் படம் முடிவதற்குள் செத்துவிடவேண்டும்.

"முழு வாக்கியம் பேசினா ஆயுசு கம்மி" என்பாள் சிரிப்பக்கா. சொல்லிவிட்டு அவள் சிரிக்கமாட்டாள். கேட்கிறவர்கள்தான் சிரித்துக்கொள்ளவேண்டும்.

இப்போதெல்லாம் அப்படி இல்லையாமே, காலம் மாறிவிட்டதாமே என்று யாராவது கேட்டால் அதற்கும் பதில் வைத்திருப்பாள். கதாநாயகி போலீஸ் உடுப்பு போட்டுக்கொண்டு வருகிறாள், துப்பாக்கி பிடிக்கிறாள், நாலு பேரைப் புரட்டி எடுக்கிறாள். எல்லாம் சரி. இடைவேளைக்கு அப்புறம் ஒருத்தன் பின்னால் வந்து தோளைத் தொட்டதும் அதே பழைய மூச்சு வாங்கல். "உடுப்பு மாறியிருக்கு, மூச்சு மாறல. மூச்சு விடறவளுக்குத் தெரியாதா?"

பெயர் வந்த கதையைச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலைக்கு வந்து ஆறு மாதம். கூட்டத்தில் கத்துகிற பெண், ஆஸ்பத்திரி நர்ஸ், "ஐயோ, யாராவது வாங்களேன்" என்று ஒரு வரி, இவ்வளவுதான் கொடுப்பார்கள். ஒரு ஹிந்திப் படத்தின் கதாநாயகிக்குப் பேச வேண்டியவளுக்குத் திடீரென்று தொண்டை போய்விட, வாத்தியார் இவளை இழுத்து வந்து மைக் முன்னால் நிறுத்தினார். வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டப்பிங்கை நடத்துகிற டைரக்டர். எல்லாரையும் வாய்க்கு வந்தபடி திட்டுவதால் அந்தப் பட்டம்.

காட்சி, ஒரு பங்களா மாடிப்படி. கதாநாயகி இறங்கி வருகிறாள், நாயகன் வழி மறிக்கிறான், அவள் சுவரோரமாக ஒதுங்க ஒதுங்க அவன் நெருங்குகிறான். "வேண்டாம், விடுங்க, யாராவது வந்துடுவாங்க" என்று அவள் சொல்லவேண்டும். அடுத்தது பாட்டு. பதினோரு வினாடித் துண்டு. இதுமாதிரித் துண்டை லூப் என்பார்கள். பேச்சு உதட்டோடு ஒட்டுகிறவரைக்கும் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஒட்டவில்லை. வசனம் வாயைத் திறக்கிற இடத்தில் அந்தப் பெண்ணின் உதடு மூடுகிறது, வசனம் முடிந்த பிறகும் அவள் வாய் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹிந்தியிலேயே அந்த இடம் சரியாக ஒட்டியிருக்கவில்லை. அந்தக் காலத்தில் படப்பிடிப்பில் பேசுவதை யாரும் வைத்துக்கொள்வதில்லை. ஒரே இரைச்சலாக இருக்கும். பிறகு இதுபோல ஓர் அறையில் நின்று ஹிந்தியிலும் புதிதாகத்தான் பேசுவார்கள். ஆகவே படப்பிடிப்பன்றைக்கு அந்த வாய் என்ன சொன்னது என்பது யாருக்கும் தேவைப்படாத சமாச்சாரம்.

வாத்தியார் திட்டித் திட்டித் தானே களைத்துப்போனார். இன்னொரு தடவை சரியாக வராவிட்டால் மறுபடியும் கூட்டத்தில் கத்தப் போகவேண்டியதுதான் என்று இவளுக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது, யாரும் சொல்லிக்கொடுக்காமல். சிரிப்புக்கு உதடு வேண்டாம். திறந்த வாய்க்கும் சிரிப்பு பொருந்தும், மூடின வாய்க்கும் பொருந்தும். "வேண்டாம்" என்பதற்கு அடியில் ஒரு சின்னச் சிரிப்பைப் போட்டாள், "விடுங்க"வைப் பாதியில் சிரிப்பாகவே உருக்கிவிட்டாள், மீதி உதட்டசைவு முழுவதையும் மூச்சுச் சிரிப்பால் பூசி மெழுகினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாத்தியார் எழுந்து நின்று கை தட்டினார்.

படம் ஓடு ஓடென்று ஓடியது. அந்த இடம் வந்தாலே தியேட்டரில் விசில். அதற்கப்புறம் எந்த ஹிந்திக் கதாநாயகி "மாட்டேன்" என்றாலும், "அந்தப் பொண்ண கூப்பிடு, அந்தச் சிரிப்ப போடு" என்று ஆகிவிட்டது. மற்ற டப்பிங் பெண்களும் அதையே படித்துக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டே மறுப்பது தொழிலின் பாஷையாகவே ஆகிப்போனது. அவள் சிரிப்பக்கா ஆனாள், கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள், வீடு கட்டினார்கள். எல்லாம் அந்தப் பதினோரு வினாடியின் தயவு.

ஒரே ஒரு தடவை மட்டும் அது உறுத்தியது. பஸ் நிறுத்தம்வரை ஒருத்தன் பின்னாலேயே வந்தான். திரும்பி நின்று, "போடா" என்றாள். அவன் போகவில்லை. "அந்தப் படத்துல மாதிரி சிரிச்சுக்கிட்டே சொல்லேன்" என்றான். இவள் குரல் என்று அவனுக்குத் தெரியாது, ஊரில் எல்லாரும் எல்லாப் பெண்களிடமும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மறந்துவிட்டாள்.

இந்த வருஷம் ஒரு கம்பெனி அந்தப் பழைய படத்தைத் தூசு தட்டி எடுத்தது. வீட்டில் உட்கார்ந்து போனிலும் டிவியிலும் பார்க்கிற ஜனங்களுக்காகப் படத்தைக் கழுவித் துடைத்து, தமிழையும் புதிதாகப் பேசிச் சேர்ப்பதாக ஏற்பாடு. வேறு யாரையும் போடமாட்டோம், அதே குரல், அதே சிரிப்புதான் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். அறுபது வயதில் பத்தொன்பது வயதுப் பெண்ணாகப் பேசுவது அவளுக்குப் பெரிய காரியமில்லை. குரலுக்கு மூட்டுவலி வருவதில்லை.

வேலையை நடத்த வந்தவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். டைரக்டர் பொண்ணு என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். பழைய ஹிந்திப் படம் ஒன்று விடாமல் பார்த்திருந்தாள். எந்தப் படத்தில் கன்னத்தில் எத்தனை அறை, எத்தனை தடவை பெண் காலில் விழுகிறாள் என்று பட்டியலே வைத்திருந்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று படங்களுக்கு அடையாளம். சிவப்பு வெளியே வராது. மஞ்சளுக்கு முன்னால் ஓர் அட்டை போடுவார்கள்: இது அந்தக் காலத்துப் படம், இதில் பெண்களைக் காட்டியிருக்கும் விதம் இன்றைய எங்கள் கருத்தல்ல. நம் படம் மஞ்சள்.

கெட்ட பெண் இல்லை. சும்மா சொல்லக்கூடாது, வேலை தெரிந்தவள். ஆனால் அந்த அட்டையைப் பற்றிப் பேசும்போது மட்டும், கை கழுவித் துண்டில் துடைத்துக்கொண்டவளுடைய நிம்மதி முகத்தில் தெரியும்.

மாடிப்படிக் காட்சி இருந்த ரீலில் ஒரு சிக்கல். படம் நன்றாக இருந்தது, ஹிந்திச் சத்தம் அழுகிப்போயிருந்தது. ஒலியில்லாமல் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேசவேண்டும். "உங்களுக்கென்னக்கா, தூக்கத்துல கூட பேசிடுவீங்க" என்றார் சவுண்ட் இன்ஜினியர். அவருக்கு அங்கே 'காது' என்று பெயர். அடுத்த தெருவில் மோட்டார் ஓடினாலும் டேக்கை நிறுத்திவிடுகிற மனிதர்.

காலை பத்தரை மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். லூப் ஓடியது.

தொழிலுக்கு வந்த இத்தனை வருஷத்தில் சத்தமில்லாமல் அவள் ஒரு காட்சியையும் பார்த்ததில்லை. காதில் ஹிந்தி ஓடிக்கொண்டே இருக்கும், கண் அதன் பின்னால் போகும். இப்போது காதில் ஒன்றும் இல்லை. பஞ்சுச் சுவருக்குள் ஓர் இளம்பெண்ணின் முகம், ஆளைவிடப் பெரிதாக, சத்தமே இல்லாமல் வாயை அசைத்தது. பதினோரு வினாடி. மறுபடியும் படியிறங்கி வந்தாள், மறுபடியும் சுவரோரம், மறுபடியும் வாய்.

மூன்றாவது சுற்றில்தான் சிரிப்பக்கா அந்தக் கண்ணைக் கவனித்தாள். அது நாயகனைப் பார்க்கவில்லை. வெட்கத்தில் பார்வையைத் திருப்பிக்கொண்டாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். வெட்கப்படுகிறவள் கீழே பார்ப்பாள். இவள் நாயகனின் தோளுக்கு மேலாக, காமிராவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம், யாரோ நிற்கிற இடத்தைப் பார்த்தாள். அந்த யாரோவிடம்தான் பேசிக்கொண்டிருந்தாள். அந்த இடத்தில்தான் இப்போது மைக் இருந்தது. மைக் முன்னால் சிரிப்பக்கா நின்றிருந்தாள்.

"போலாமாக்கா?" என்றார் காது.

வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. ஆயிரம் தடவை போட்ட சிரிப்பு, கூப்பிட்டால் வந்து நிற்கிற சிரிப்பு, நெஞ்சுக்குழிக்கு மேலே ஏறவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது, வெந்நீர் வேண்டும் என்று சொல்லிச் சமாளித்தாள். காது தானே போய் எடுத்து வருவதாக எழுந்தார். டைரக்டர் பொண்ணு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். லூப்பை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அறையில் அவளும் திரையும் மட்டும். படி, சுவர், வாய். படி, சுவர், வாய். போகப் போக ஒன்று தெரிந்தது. தன் மூச்சு தன்னுடையதாக இல்லை. திரையில் இருப்பவளின் நெஞ்சு ஏறும்போது இவள் நெஞ்சு ஏறியது, அவள் மூச்சைப் பிடிக்கும்போது இவளுக்கும் மூச்சு நின்றது. வேண்டுமென்றே மூச்சை மாற்றி விட்டுப் பார்த்தாள். இரண்டு சுற்றுக்குள் அது தானாகத் திரும்பவும் அங்கேயே போய்ச் சேர்ந்துகொண்டது. திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்போதும் இவள் உதடு, திரையில் அவள் உதடு மூடுகிற இடத்தில் தானாக மூடியது.

காது வெந்நீரோடு வந்தார். மேஜைக்குப் போய் எதையோ பார்த்துப் புருவத்தைச் சுளித்தார்.

"நீங்க ஏதாவது பேசிப் பார்த்தீங்களாக்கா? மைக்ல ஏறியிருக்கே."

"நான் வாயே திறக்கல."

போட்டுக் காட்டினார். வெறும் மூச்சு. ஆனால் பயந்துபோன ஒருத்தியின் மூச்சு, இளசான மூச்சு. பதினோரு வினாடிக்கு ஒரு தடவை அது ஒரே மாதிரி தடுக்கியது. காது அதை அழித்துவிட்டு, அன்றைக்கு வேறு காட்சிகளை எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது விடவில்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளை அவள் கணவர் வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யாரைத் திட்டற?" என்றார். நல்ல மனிதர், முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர், கண்ணாடியில் பின்னால் நடப்பதைப் பார்த்தே பழகியவர்.

"நான் யாரைத் திட்டினேன்?"

"வாய் ஓடிக்கிட்டே இருக்கே."

போய்க் கண்ணாடியில் பார்த்தாள். வாய் சும்மாத்தான் இருந்தது. கண்ணாடியை விட்டு நகர்ந்தபோது கன்னத்துச் சதை இழுப்பதை அவளே உணர்ந்தாள். பயமாக இருந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. தன் வாய் தன் பேச்சைக் கேட்காமல் போனால் அவளிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். வேறு ஊரில் வேலை, ஆபீஸ் முழுக்க ஹிந்தி பேசுகிறவர்கள், அவளுக்கும் ஹிந்தி தண்ணீர் பட்ட பாடு. சிறு வயதில் அவளை வீட்டில் விட ஆளில்லாமல் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துவிடுவாள் சிரிப்பக்கா. சத்தம் கேட்காத கண்ணாடி. அம்மாவின் உதட்டைப் பார்த்தே 'பசிக்குதா', 'பேசாம இரு', 'இன்னும் ஒண்ணுதான்' எல்லாம் புரிந்துகொண்ட குழந்தை.

மகள் தன் ஆபீஸ் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.

"அம்மா, நீ மியூட்ல இருக்க. வாய் மட்டும் அசையுது, சத்தம் வரல."

"நான் ஒண்ணும் பேசலடி. நீ சொல்றத கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

இப்போது சத்தம் வந்தது. மகள் குழம்பினாள். கொஞ்ச நேரம் திரைக்குள்ளிருந்து உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, இப்பவும் அசையுது. நீ ஹிந்தி கத்துக்கிட்டியா என்ன?"

"என்னடி சொல்ற?"

"இரு, பேசாத. அப்படியே விடு." மகள் போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். அவள் முகத்தில் இருந்த வேடிக்கை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. "போதும்னு சொல்ற. அப்புறம், வலிக்குதுன்னு. அப்புறம், நிறுத்துங்க. நிறுத்தச் சொல்லுங்க. திருப்பித் திருப்பி அதேதான். அம்மா, யாரு உனக்கு என்ன பண்ணினாங்க? அப்பா எங்க? போனை அப்பாகிட்ட குடு!"

அவளைச் சமாதானப்படுத்தவே அரை மணி நேரம் ஆனது. நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. அந்தக் காட்சியில் இருந்தது நடிப்பில்லை. நடிப்பை நிறுத்திவிட்டு, காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற பெரிய மனிதர்களிடம் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவர்கள் நிறுத்தவில்லை. முகபாவம் பிரமாதம் என்று வைத்துக்கொண்டார்கள். ஹிந்தியில் ஒரு வசனத்தைப் போட்டு அவள் வாயை மூடினார்கள். அதுவும் சரியாக மூடாமல் ஓர் இடுக்கு விட்டுப்போயிருந்தது. உற்றுப் பார்க்கிற ஒருத்தி வந்தால் தெரிந்திருக்கும். வந்தாள் ஒருத்தி. உதட்டை எழுத்தெழுத்தாகப் படிக்கிறவள். அந்த இடுக்கில்தான் தன் சிரிப்பை அடைத்தாள். அது ஒட்டுகிறதா என்று பார்த்தாளே ஒழிய, அந்த வாய் என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை. தியேட்டரில் விசிலடித்தார்கள்.

அன்றைக்கு முழுக்க அவள் யாருடனும் பேசவில்லை. நம்முடைய நல்ல காலமெல்லாம் இன்னொருத்தியின் கெட்ட நேரத்தின்மேல் எழுப்பினது என்று தெரிந்தால் யாரால்தான் பேசமுடியும்?

திங்கட்கிழமை முதல் ஆளாகப் போய் டைரக்டர் பொண்ணைப் பிடித்தாள். ஒலியில்லாமல் காட்சியைப் போடவைத்து, கண்ணைக் காட்டினாள், உதட்டைக் காட்டினாள், மகள் சொன்னதைச் சொன்னாள். டைரக்டர் பொண்ணு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்கும் மனசு கேட்கவில்லை என்பது தெரிந்தது.

"அந்த நடிகை அதுக்கப்புறம் ரெண்டு படம்தான்க்கா பண்ணாங்க. எங்க போனாங்கன்னே யாருக்கும் தெரியல. கேட்கவும் ஆள் இல்ல."

"கேட்க ஆள் இல்லன்னா? அதோ சொல்லிக்கிட்டிருக்காளே."

"உதட்ட வச்சு எப்படிக்கா நிரூபிக்கறது? ஆபீஸ்ல என்னன்னு சொல்லுவேன்? அந்தச் சிரிப்புக்காகத்தான் ஜனங்க இந்தப் படத்தப் பார்க்கப் போறாங்க. விளம்பரமே அதுதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "முன்னாடி அட்டை போடறோம்ல. அந்தக் காலம் அப்படின்னு எல்லாருக்கும் புரியும்."

சிரிப்பக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அந்தக் காலம் அப்படின்னா? அந்தக் காலத்துலதானேம்மா அவ நிறுத்தச் சொன்னா? இன்னைக்கு வந்தா சொன்னா? வேண்டாம்னு சொல்லணும்னு நீங்க வந்து கத்துக்குடுக்கறதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும். காலத்து மேல பழியப் போட்டா, அன்னைக்கு அங்க நின்னு பார்த்தவங்க எல்லாரும் தப்பிச்சுக்குவாங்க. நானும் தப்பிச்சுக்குவேன்."

டைரக்டர் பொண்ணுக்கு முகம் சிவந்தது. பதில் இல்லாதவர்கள் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "இன்னைக்குள்ள இந்த ரீல முடிச்சாகணும்க்கா. நீங்க பேசலன்னா பழைய டேப்ல இருந்து அந்தச் சிரிப்பையே வெட்டி ஒட்டிடச் சொல்லியிருக்காங்க. ப்ளீஸ். ஒரே ஒரு டேக்."

இப்படித்தான் விஷயம் வந்து நின்றது. இவள் போனாலும் சிரிப்பு விழும், போகாவிட்டாலும் இவளுடைய இருபத்திரண்டு வயதுச் சிரிப்பே வந்து விழும். அந்தப் பெண்ணின் வாயை இரண்டாம் தடவையும் அடைத்துவிட்டால் இனி யாரும் அதைத் திறக்கப்போவதில்லை. சிரிப்பக்கா எழுந்து உள்ளே போனாள். காதுக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரியாது. அவர் அப்போதுதான் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மேஜையில் உட்கார்ந்தார்.

கதவு சாத்தப்பட்டது. உலகம் செத்தது. விளக்கு அணைந்து திரை ஒளிர்ந்தது.

படி. சுவர். மூச்சு வந்து சேர்ந்துகொண்டது. இந்தத் தடவை அவள் தடுக்கவில்லை. திரையிலிருந்து அந்தக் கண் நேராக இவளைத்தான் பார்த்தது, இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்ததைப்போல. உதடு மூடியது.

"போதும்" என்றாள் சிரிப்பக்கா. "வலிக்குது. நிறுத்துங்க. நிறுத்தச் சொல்லுங்க."

ஓர் உதட்டசைவுகூட மீறவில்லை, பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல உட்கார்ந்தது. குரல்தான் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. அதில் மூக்கில்லை, மூச்சு வாங்கல் இல்லை, தேன் இல்லை. அறைக்குள் இன்னொருத்தி பேசின மாதிரி இருந்தது. யாரென்று திரும்பிப் பார்க்க அவளுக்கே தைரியம் வரவில்லை.

படம் சடக்கென்று நின்றது.

கதவு திறந்தது. காது வெறுங்காலோடு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "எங்கக்கா வலிக்குது? நெஞ்சா? முதல்ல உட்காருங்க."

"ஏன் நிறுத்தினீங்க?" என்று ஸ்பீக்கரில் டைரக்டர் பொண்ணின் குரல் கேட்டது. "டேக் போய்க்கிட்டிருக்கு!"

"நிறுத்துங்கன்னாங்க, நிறுத்திட்டேன்" என்றார் காது. இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. "வலிக்குதுங்கறாங்கம்மா!"

சிரிப்பக்கா உட்கார்ந்து அழுதாள். சம்பளத்துக்கு அழுத அழுகை எதுவும் இப்படி இருந்ததில்லை, மூக்கு ஒழுக, முகம் கோண, அசிங்கமாக அழுதாள். காது பாட்டிலை நீட்டிக்கொண்டே நின்றார். "எங்கன்னு சொல்லுங்கக்கா" என்று மறுபடியும் கேட்டார்.

"எனக்கில்ல" என்று கையை உயர்த்தித் திரையைக் காட்டினாள்.

படம் நின்றிருந்த இடம் யாரும் நிறுத்திப் பார்த்திராத இடம். ஓடும்போது கண் சிமிட்டுவதற்குள் போய்விடும். கதாநாயகியின் இடது கை நாயகனின் முதுகுக்குப் பின்னால், படிக்கட்டுக் கம்பிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அவன் விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்திருந்தன. ஒரு கை அந்தப் பக்கம் வளையக்கூடாது.

டைரக்டர் பொண்ணு கண்ணாடி அறையைவிட்டு வந்து திரைக்கு ஓரடி தூரத்தில் நின்றாள். அவளையும் அறியாமல் தன் மணிக்கட்டை மறு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நேரம் இப்படிப் பிடிச்சிருந்தான்?" என்றாள்.

"படத்துல பதினோரு செகண்ட்" என்றாள் சிரிப்பக்கா. "முன்னாடி, பின்னாடி எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்."

"இந்த டேக் இருக்கட்டும்க்கா. இதுவே போகட்டும். ஆபீஸ்ல நான் பேசிக்கறேன்."

காது திரையையும் இவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. வேலை தெரிந்த மனிதர், வேலையைக் கேட்டார். "அப்ப சரியா ஒட்டியிருக்கான்னு இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்துடலாமா?"

"வேண்டாம்" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.